நுரையீரலில் ரத்தக்கட்டி, வீட்டில் சிகிச்சை

காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து கிளம்பினால் அது போவதற்கு ஒரே வழிதான் உண்டு. தொடைச் சிரை, வயிற்றின் பெருஞ்சிரை, இதயத்தின் வலது மேலறை, வலது கீழறை, பிறகு நுரையீரல் தமனி. இதயம் வரை பாதை அகன்றுகொண்டே போவதால் கட்டி எங்கும் சிக்காது. நுரையீரலுக்குள் தமனி கிளைகிளையாகப் பிரிந்து குறுகும் இடத்தில்தான் போய் அடைத்துக்கொள்கிறது. நுரையீரல் தமனியில் காணப்படும் கட்டி அங்கேயே உருவானதல்ல, வேறெங்கிருந்தோ வந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ பிணப்பரிசோதனைகளால் நிறுவினார். நுரையீரல் தமனி அடைப்பு என்று இந்த நோய்க்குப் பெயர். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, சில சமயம் இருமலில் ரத்தம், சில சமயம் மயக்கம் என்று வெளிப்படும்.

இந்த அடைப்பால் உயிர் போகும்போது பெரும்பாலும் தோற்றுப்போவது நுரையீரல் அல்ல, இதயத்தின் வலது கீழறை. அதன் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளியே பழகியது. முன்னே பாதை திடீரென அடைபட்டால் அது பலூன்போல் விரிகிறது. அது ரத்தத்தைத் தள்ளாததால் இடப்பக்கத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது, உடலின் ரத்த அழுத்தம் சரிகிறது. அழுத்தம் சரிந்தால் வலது கீழறையின் தசைக்கே போதுமான ரத்தம் கிடைக்காமல் அது மேலும் துவள்கிறது. இந்தச் சுழலில் சிக்கியவரை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவரைப் பொறுத்தவரை வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நோய் கண்டவர்களில் கணிசமானோரின் வலது கீழறை இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு சீராக இயங்குகிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சரியாக இருக்கும். வலி இருக்கும், பயம் இருக்கும். இப்படிப்பட்டவருக்கு மருத்துவமனைப் படுக்கை எதற்காக என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல எழுந்து, சோதனைகளாக மாறியது.

படுக்கை எப்படிக் கட்டாயமானது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நடத்திய சோதனை 1960இல் வெளியானது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். வேறு 5 பேருக்கு உயிர்போகாத அளவில் அடைப்பு திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் அடைப்பால் ஒருவரும் இறக்கவில்லை. மொத்தமே 35 பேர்தான். ஆனாலும் மருந்தில்லாமல் விடும் குழு இனி வேண்டாம் என்று முடிவெடுக்க அதுவே போதுமானதாக இருந்தது. அந்த மருந்துகளில் ஒன்று ஹெப்பாரின். அதைச் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அளவு கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் புதுக் கட்டி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து வேகத்தை மாற்றியாக வேண்டும். கூடவே தொடங்கப்படும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் முழுப் பலனைத் தரக் குறைந்தது ஐந்து நாள் ஆகும். ஆக, நோயாளியைப் படுக்கையில் கட்டிப்போட்டதில் நோய்க்கு இருந்த பங்கைவிட ஹெப்பாரின் குழாயின் பங்கு பெரிது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. ஹெப்பாரினோ வார்ஃபரினோ கட்டியைக் கரைப்பதில்லை. இருக்கும் கட்டி வளராமலும் புதிது உருவாகாமலும் அவை தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடலே தன் நொதிகளைக் கொண்டு நாட்கணக்கில், வாரக்கணக்கில் செய்கிறது. கட்டியை வலுக்கட்டாயமாகக் கரைக்கும் மருந்துகள் தனி. மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும் ஆபத்து அவற்றில் இருப்பதால் உயிருக்கு ஊசலாடுபவருக்கே கொடுக்கப்படுகின்றன. ரத்த அழுத்தம் சரியாக உள்ள ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தாலும் வீட்டில் நடமாடினாலும் அவர் உடலுக்குள் நடக்கும் வைத்தியம் ஒன்றேதான். மருத்துவமனை கூடுதலாகத் தருவது கண்காணிப்பு: நிலை மோசமானால் உடனே ஓடிவர ஆள் இருப்பது. அந்தக் கண்காணிப்பு யாருக்குத் தேவை, யாருக்கு வீண் என்று பிரித்தறிவதில்தான் வீட்டுச் சிகிச்சையின் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் தளர்ந்தது ஹெப்பாரின் குழாயின் பிடி. மூலக்கூறு சிறியதாக்கப்பட்ட ஹெப்பாரின் வந்தபோது உடல் எடைக்கு ஏற்ற அளவைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டால் போதும் என்றானது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படவில்லை. 1996இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் இரண்டு சோதனைகளை வெளியிட்டது. காலில் ஆழ்சிரை உறைவு வந்தவர்களில் ஒரு பாதியினருக்கு மருத்துவமனையில் பழைய ஹெப்பாரின், மறுபாதியினருக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே புதிய ஊசி. கனடாவில் 500 பேரைக் கொண்டு நடந்த சோதனையில் கட்டி திரும்பியது மருத்துவமனைக் குழுவில் 6.7 சதவீதம் பேருக்கு, ஊசிக் குழுவில் 5.3 சதவீதம் பேருக்கு. 400 பேர் பங்கேற்ற இன்னொன்றில் 8.6 சதவீதம், 6.9 சதவீதம். கால் கட்டியுடன் வருபவரை வீட்டுக்கு அனுப்புவது அதன்பின் வழக்கமாயிற்று.

நுரையீரல் விஷயத்தில் மட்டும் தயக்கம் நீடித்தது. கால் கட்டி வந்த நோயாளிகளின் நுரையீரலை ஸ்கேன் செய்து பார்த்தால், எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்களில்கூடக் கணிசமானோருக்கு அங்கேயும் அடைப்பு இருக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அப்படியானால் காலுக்கென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர், யாரும் அறியாமலே நுரையீரல் அடைப்புக்கும் வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள்தான். ஆனாலும் நுரையீரல் அடைப்பு என்ற பெயரே பீதியூட்டுவது. அதற்கு நியாயமும் இருந்தது. ஏழு நாடுகளின் 52 மருத்துவமனைகளிலிருந்து திரட்டி 1999இல் வெளியான ஒரு பதிவேட்டில் மூன்று மாதத்துக்குள் இறந்தோர் விகிதம் 17.4 சதவீதம். இந்தச் சராசரிக்குள் அதிர்ச்சி நிலையில் வந்தவரும் இருக்கிறார், முற்றிய புற்றுநோயாளியும் இருக்கிறார், மற்றபடி ஆரோக்கியமான இளைஞரும் இருக்கிறார். சராசரியைப் பார்த்து எல்லாரையும் படுக்க வைக்கலாம். இல்லையென்றால், சராசரியை உடைத்துப் பார்க்க வேண்டும்.

உடைத்துப் பார்க்கும் கருவி 2005இல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து அவுயெஸ்கி என்ற மருத்துவரின் குழு ‘பெசி’ என்ற மதிப்பெண் முறையை உருவாக்கியது. வயது எத்தனையோ அத்தனை புள்ளி. ஆண் என்றால் 10 கூட்ட வேண்டும், புற்றுநோய்க்கு 30, இதயச் செயலிழப்புக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்க்கும் தலா 10, நாடி நிமிடத்துக்கு 110 அல்லது அதற்கு மேல் என்றால் 20, மேல் ரத்த அழுத்தம் 100க்குக் கீழே என்றால் 30, மனக்குழப்பத்துக்கு 60. மூச்சு வேகம், உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. கூட்டுத்தொகை 65 வரை முதல் வகுப்பு, 85 வரை இரண்டாம் வகுப்பு. 125ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு. 30 நாளில் இறக்கும் வாய்ப்பு முதல் வகுப்பில் அதிகபட்சம் 1.6 சதவீதம், ஐந்தாம் வகுப்பில் 10இலிருந்து 24.5 சதவீதம் வரை.

வேறு நோயில்லாத 70 வயது ஆணுக்கு 80 புள்ளி, அபாயம் குறைந்தவர். அவரே நாடி 115 துடிக்க வந்தால் 100 ஆகி மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார். இந்தக் கணக்கில் ஓட்டையும் இருக்கிறது. நாடி 115, ரத்த அழுத்தம் 95 என்ற நிலையில் வரும் 25 வயதுப் பெண்ணுக்குக் கிடைப்பது 75 புள்ளிதான். அட்டவணைப்படி அவர் வீட்டுக்குப் போகத் தகுந்தவர். அவரை அனுப்பிவைக்கும் மருத்துவர் யாரும் இருக்கக் கூடாது. வயதுக்குத் தரப்படும் எடை இளையவர்களின் ஆபத்தை மறைத்துவிடுகிறது. 2010இல் வந்த எளிய வடிவம் இதைச் சரிசெய்தது. 80 வயதைத் தாண்டியது, புற்றுநோய், நாட்பட்ட இதய நுரையீரல் நோய், வேகமான நாடி, குறைந்த ரத்த அழுத்தம், 90 சதவீதத்துக்குக் கீழான ஆக்சிஜன் என்று ஆறே கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அபாயம் குறைந்தவர் பட்டியலில் இடமில்லை.

கருவி கையில் வந்தபின் நேரடி ஒப்பீடு சாத்தியமாயிற்று. 2007 பிப்ரவரி முதல் 2010 ஜூன் வரை சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 19 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 344 பேர் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. பெசியில் முதலிரு வகுப்பினர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். அதுவும் போதாதென்று ரத்த அழுத்தம் 100க்குக் கீழே இருந்தவர்கள், ஆக்சிஜன் குறைந்தவர்கள், ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் விலக்கப்பட்டனர். மேலே சொன்ன 25 வயதுப் பெண் இந்த இரண்டாவது சல்லடையில் சிக்கியிருப்பார். தேர்வானவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர் 24 மணி நேரத்துக்குள் வீடு திரும்பினர்.

இந்தச் சோதனை கேட்ட கேள்வி ‘வீடு மேலானதா’ என்பதல்ல. ‘வீடு ஏற்றுக்கொள்ள முடியாத அளவுக்கு மோசமானதா’ என்பது. அந்த அளவை ஆய்வாளர்கள் 4 சதவீதம் என்று முன்கூட்டியே நிர்ணயித்திருந்தனர். தொண்ணூறு நாளில் கட்டி திரும்பியது வீட்டுக் குழுவின் 171 பேரில் ஒருவருக்கு. மருத்துவமனைக் குழுவின் 168 பேரில் யாருக்கும் இல்லை. இறப்பு இரு குழுவிலும் ஒவ்வொன்று. மருத்துவமனையில் இருந்த சராசரிக் காலம் வீட்டுக் குழுவுக்கு அரை நாள், மருத்துவமனைக் குழுவுக்கு 3.9 நாள். இதுவரை எல்லாம் வீட்டுக்குச் சாதகம். ரத்தக்கசிவுக் கணக்கு மட்டும் இடிக்கிறது. பெரிய ரத்தக்கசிவு 14 நாளுக்குள் வீட்டுக் குழுவில் 2 பேருக்கும், 90 நாளில் 3 பேருக்கும் ஏற்பட்டது. மருத்துவமனைக் குழுவில் எவருக்கும் இல்லை. முதல் இருவருக்கும் தசைக்குள் ரத்தம் கட்டியது. மூன்றாவது, ஐம்பதாம் நாளில் வந்த மிகைப்பட்ட மாதவிடாய்ப் போக்கு. அந்த நேரத்தில் மருத்துவமனைக் குழுவினரும் வீடு திரும்பி எத்தனையோ நாளாகியிருக்கும். ஆகவே அந்தக் கசிவுக்கு வீட்டைக் காரணம் சொல்ல முடியாது. இருந்தும், 90 நாள் ரத்தக்கசிவைப் பொறுத்தவரை வீடு மோசமல்ல என்று புள்ளியியல் முறைப்படி நிறுவ இந்தச் சோதனையால் முடியவில்லை. இதைச் சொல்லாமல் விடும் சுருக்கங்கள் ஏராளம்.

இதற்கு ஓராண்டு முன்னால் வெளியான, ஸ்பெயினில் நடந்த 132 பேர் சோதனை இன்னும் கசப்பானது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழுவில் எதிர்பாராமல் இரண்டு இறப்புகள் நேர்ந்ததால் அது பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு என்பது தற்செயலாகவும் நேரக்கூடிய எண்தான். ஆயினும், எந்தச் சல்லடையைப் பயன்படுத்தினாலும் அதில் ஏதோ ஒன்று நழுவக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அந்தச் சோதனை வேறொரு மதிப்பெண் முறையைப் பயன்படுத்தியிருந்தது.

நெதர்லாந்து மருத்துவர்கள் வேறு கோணத்திலிருந்து வந்தார்கள். பெசி கேட்பது ‘இவர் இறந்துபோக எவ்வளவு வாய்ப்பு?’ என்ற கேள்வி. ஆனால் உயிரபாயம் குறைவாக இருப்பதும் வீட்டில் இருக்க முடிவதும் ஒன்றல்ல. கடும் வலியால் சிரைவழி ஊசி தேவைப்படும் இளைஞர் சாகப்போவதில்லை. ஆனாலும் அவருக்கு மருத்துவமனை வேண்டும். தனியாக வசிக்கும், மாத்திரைக் கணக்கை மறந்துபோகும் முதியவருக்கும் அப்படியே. எனவே அவர்கள் 11 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தனர். ரத்த ஓட்டம் நிலைகுலைந்திருக்கிறதா, கட்டியைக் கரைக்கும் மருந்து தேவையா, ரத்தக்கசிவு அபாயம் உண்டா, ஒரு நாளுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டுமா, உறைவு தடுப்பு மருந்து சாப்பிடும்போதே அடைப்பு வந்ததா, சிறுநீரகமோ கல்லீரலோ பழுதடைந்திருக்கிறதா, கர்ப்பமா என்றெல்லாம் போய், மருத்துவக் காரணமோ குடும்பக் காரணமோ ஏதாவது படுக்கையைக் கோருகிறதா என்றும் கேட்கிறது. ஒரு ‘ஆம்’ வந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பட்டியலின் பெயர் ‘ஹெஸ்டியா’. கிரேக்கப் புராணத்தில் அடுப்புக்கும் இல்லத்துக்கும் உரிய தெய்வம் அவள். 2011இல் வெளியான முடிவின்படி, வீட்டுக்கு அனுப்பப்பட்ட 297 பேரில் மூன்று மாதத்துக்குள் 6 பேருக்குக் கட்டி திரும்பியது. 3 பேர் இறந்தனர், ஒருவரும் நுரையீரல் அடைப்பால் அல்ல. பெரிய ரத்தக்கசிவு 2 பேருக்கு. அவற்றில் ஒன்று மூளைக்குள் நேர்ந்து உயிரைப் பறித்தது.

பெசியா ஹெஸ்டியாவா என்ற வாதத்தைத் தீர்க்க நான்கு ஐரோப்பிய நாடுகளின் 26 மருத்துவமனைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைக் கொண்டு நடந்த சோதனை 2021இல் வெளியானது. இறப்பு, கட்டி திரும்புதல், பெரிய ரத்தக்கசிவு மூன்றையும் சேர்த்து 30 நாளில் ஹெஸ்டியா குழுவில் 3.82 சதவீதம், எளிய பெசி குழுவில் 3.57 சதவீதம். வீட்டுக்குப் போனவர்கள் 38.4 சதவீதம், 36.6 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எளிய பெசி ‘போகலாம்’ என்று சொன்னவர்களில் பலரை மருத்துவர்கள் தம் கணிப்பின்படி நிறுத்திவைத்தார்கள். ஹெஸ்டியாவை அவ்வளவாக மீறவில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் மனதில் ஓடும் கேள்விகளை ஹெஸ்டியா ஏற்கெனவே காகிதத்தில் கேட்டுவிடுகிறது என்பதுதான் காரணமாக இருக்கும்.

இன்னும் முடியாத ஒரு வாதம் வலது கீழறையைப் பற்றியது. வெளியே எல்லாம் சரியாகத் தோன்றும் ஒருவரின் எக்கோவிலோ சி.டி. ஸ்கேனிலோ அந்த அறை விரிந்து காணப்பட்டால் என்ன செய்வது? அபாயம் குறைந்தவர்கள் என்று மதிப்பெண்ணால் வகைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறை பாதிக்கப்பட்டவர்களில் ஆரம்பக்கட்ட இறப்பு 1.8 சதவீதம், பாதிக்கப்படாதவர்களில் 0.2 சதவீதம் என்று தெரிந்தது. ஜெர்மன் மருத்துவர்கள் முன்னின்று ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு இதனால் எச்சரிக்கையான வழியை எடுத்தது. வலது கீழறை விரியவில்லை என்று படத்தில் உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டும் 48 மணி நேரத்துக்குள் மாத்திரையோடு அனுப்பியது. 525 பேரில் மூன்று மாதத்தில் 3 பேருக்கே அறிகுறியுடன் கட்டி திரும்பியது. பெரிய ரத்தக்கசிவு 1.2 சதவீதம். முடிவு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2020இல் வெளியானது. இதில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மறுபுறம், ஹெஸ்டியா வழியில் வீட்டுக்குப் போனவர்களின் ஸ்கேன்களைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது பலருக்கு அறை சற்று விரிந்திருந்தும் அவர்கள் நலமாகவே இருந்தனர். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வலது கீழறையையும் பார்த்துவிடச் சொல்கிறது. எப்படியும் நோயை உறுதிசெய்ய எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே அறையின் அளவு தெரிந்துவிடுவதால், பார்க்காமல் விடுவதற்குக் காரணமில்லை.

மருந்தின் மாற்றமும் வீட்டுப் பாதையை எளிதாக்கியது. ரிவரோக்சபன், அபிக்சபன் என்ற மாத்திரைகளை ஊசியில்லாமல் முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். நுரையீரல் அடைப்பு வந்த 4,832 பேரைக் கொண்டு நடந்து 2012இல் வெளியான சோதனையில் ரிவரோக்சபன் பழைய முறைக்கு ஈடாக நின்றது. பெரிய ரத்தக்கசிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாகப் பாதியாயிற்று. 2011ஆம் ஆண்டு சோதனையில் நெருடலாக இருந்த ரத்தக்கசிவுக் கணக்கு ஊசி, வார்ஃபரின் காலத்துக்குரியது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த மாத்திரைகளில் கவனம் பிசகக்கூடிய இடம் அளவு மாறும் நாள். ரிவரோக்சபன் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, 22ஆம் நாளிலிருந்து 20 மில்லிகிராம் ஒரு வேளை. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து சரியாக உடலில் ஏறாது. சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். அபிக்சபன் முதல் ஏழு நாள் 10 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 5 மில்லிகிராம் இரண்டு வேளை. மருத்துவமனையில் செவிலியர் கவனித்துக்கொள்ளும் இந்தக் கணக்கு வீட்டில் நோயாளியின் பொறுப்பாகிறது. சீட்டை மட்டும் எழுதிக்கொடுத்து, இரவு நேரத்தில் மருந்துக்கடை தேட விடுவது வீட்டுச் சிகிச்சை ஆகாது. முதல் வேளை மாத்திரை மருத்துவமனையிலேயே உள்ளே போயிருக்க வேண்டும், அடுத்த சில நாள் மருந்து கையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைகள் கூடாது, அவர்களுக்கு ஊசிதான். வலிக்கென்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு கூடும்.

மருத்துவமனைப் படுக்கையை ஆபத்தில்லாத இடமாக வைத்து வீட்டை அதோடு ஒப்பிடுவதும் சரியல்ல. அங்கே தொற்று உண்டு, வழுக்கி விழுதல் உண்டு, தூக்கமின்மை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அசையாமல் படுத்திருப்பதே சிரையில் ரத்தம் உறையத் தூண்டும் காரணங்களில் ஒன்று. வடக்குக் கலிபோர்னியாவின் 21 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், பத்து இடங்களின் மருத்துவர்களுக்கு அபாயத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி உதவி தரப்பட்டது. அங்கே நேரே வீட்டுக்குப் போனவர்களின் விகிதம் 17.4இலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தது. திரும்பி வந்தவர்களும் இறந்தவர்களும் கூடவில்லை. 2018இல் வெளியான இந்த முடிவு முக்கியமானது. தேர்ந்தெடுத்த ஆய்வு மையங்களில் சாதித்ததை அன்றாட நெரிசலிலும் செய்ய முடியும் என்று அது காட்டியது.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை முதல் வாரத்துக்குள் ஒருமுறை நேரிலோ தொலைபேசியிலோ விசாரிப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. எந்த எண்ணை அழைப்பது என்பது எழுத்தில் அவரிடம் இருக்க வேண்டும். மயக்கம், கூடிவரும் மூச்சுத்திணறல், மலம் கருப்பாகப் போவது, நிற்காத ரத்தம், வழக்கமில்லாத கடும் தலைவலி ஆகியவற்றில் எதுவானாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நெஞ்சுக் குத்தலும் களைப்பும் சில வாரம் நீடிப்பது இயல்பு. இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் நோயாளி ஒவ்வொரு குத்தலுக்கும் புதுக் கட்டியோ என்று நடுங்குவார்.

மருந்து குறைந்தது மூன்று மாதம். அதன் முடிவில் ஒரு மறுபரிசீலனை நடக்கிறது. அறுவைசிகிச்சை, எலும்பு முறிவு போன்ற தற்காலிகக் காரணத்தால் கட்டி வந்திருந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்திவிடலாம். காரணமே தெரியாமல் வந்தவருக்கும் புற்றுநோய் உள்ளவருக்கும் அது தொடரும். அப்போதும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். நூற்றில் சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாக இறுகி நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நிரந்தரமாக உயர்த்திவிடும். தமனியின் உட்சுவரோடு சேர்த்து அதை அகற்றும் அறுவைசிகிச்சை அதற்கென்றே உள்ள சில மையங்களில் செய்யப்படுகிறது.